பின்சீட்டில் யார் என்று கேட்டவர்

சாவியை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். கையைக் கிழிசல் துணியில் துடைத்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போவார். பின்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் கேட்பார்.

"பின்னால யாரு உக்காருவா?"

தமிழனிடம் தமிழில் கேட்பார். மற்ற எல்லாரிடமும் "பீச்சே கோன் பைட்டேகா?" வங்காளி, தெலுங்கன், மலையாளி, ராஞ்சிக்காரன் என்று எல்லோரும் தீவுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த உடைந்த இந்திதான். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அவர் ஸ்பானரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அவரை நாங்கள் மிஸ்திரி என்றோம்; வண்டி பழுதுபார்ப்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெயர் ஒன்று இருந்தது. மாதா கோயில் சாமியார் அதைச் சொல்லிக் கூப்பிட நான் கேட்டிருக்கிறேன். போர்ட் பிளேரில் அன்றைக்கு மிஸ்திரிகள் பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள், ஆனாலும் மிஸ்திரி என்று சும்மா சொன்னால் அவர்தான். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஊரில் யார் இருந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார், கல்யாணம் ஆனதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டிக்கடியில் படுத்துப் படுத்து வலது தோள் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. அடியில் நுழையும் முன்னால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். கிரீஸ் விரலால் போடுவதால் நெற்றியில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

ஷாதிபூரில் தகரக் கூரை போட்ட அவருடைய பட்டறையில் எல்லா வேலையும் நடக்கும் என்றாலும், அவர் கைதேர்ந்தது பின்பக்க ஸ்பிரிங் பட்டை வேலையில். வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக வில்போல் வளைந்த இரும்புப் பட்டைகளைக் கட்டியிருப்பார்களே, அது. இந்திக்காரர்கள் கமானி என்பார்கள். எங்கள் தீவில் மற்ற எதையும்விட அதற்குத்தான் ஆயுசு குறைவு. கடல் காற்று அதைத் தின்னும். மழை எட்டு மாதம். சாலை என்று சொன்னது பாதி இடத்தில் கல், பாதி இடத்தில் சேறு.

அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததுபோல் வேறு எவனுக்கும் தெரியாது. ராமநாதபுரம் ஜில்லாவில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கப்பலில் டெக்கில் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவன் நான். கையில் ஒரு தகரப் பெட்டி. கல் உடைத்தேன், பிறகு கல் உடைப்பவர்களை மேய்த்தேன், பிறகு குவாரியையே எடுத்தேன். இன்றைக்கு இந்தத் தீவின் தார்ச்சாலையில் நீங்கள் எங்கே கால் வைத்தாலும் அதற்கடியில் கிடப்பதில் பாதி என் ஜல்லி. என்னிடம் கணக்குக் கேட்ட இன்ஜினீயர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். நான் இருக்கிறேன்.

மிஸ்திரியின் கேள்விக்கு வருகிறேன். அது வெறும் பேச்சுக்குக் கேட்பதல்ல. பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வைத்து போல்ட்டைப் போட்டு முறுக்குவார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி கீழே இறங்கிப் பாரம் ஏறியதும் அது திருகும். ஓட்டம் கட்டையாக இருக்கும், கொஞ்ச நாளில் ரப்பர் கிழிந்தும் போகும். ஆகையால் வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இது நல்ல மெக்கானிக் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மிஸ்திரி அதற்குமேல் ஒரு படி போனார். பின்சீட்டில் எந்த ஆள் உட்காரப் போகிறாரோ அந்த ஆளே வந்து உட்காரவேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் இவர் கடைசி முறுக்கு முறுக்குவார்.

ஒரு பெரிய அதிகாரியின் வண்டி இதனால் இரண்டு நாள் பட்டறையிலேயே நின்றது. அதிகாரியின் சம்சாரம் பட்டறைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அதிகாரி கெட்டிக்காரர், கிட்டத்தட்ட அதே எடையில் ஒரு பியூனை அனுப்பினார். மிஸ்திரி பியூனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மேம்சாப் உக்காருற மாதிரி நீ உக்காருவியா டே?"

பியூன் யோசித்துப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்றானாம். கடைசியில் அந்த அம்மாளே பட்டுச்சேலையோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். அடியிலிருந்து மிஸ்திரியின் குரல் மட்டும் வந்தது.

"மூச்சை விடுங்கம்மா. சாஞ்சு உக்காருங்க. நீங்க விளிம்புல இருக்கிய, பாரம் முன்னால நிக்கி."

அந்த அம்மாள் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அங்கே இருந்தேன். சிரிப்பை அடக்க வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

குடியேற்றக் கிராமத்திலிருந்து சந்தைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் வைத்திருந்தார் ஒரு வங்காளி. அவரிடமும் அதே கேள்வி. "பாஞ்ச் ஆத்மி" என்றார் வங்காளி. ஐந்து பேருக்குத்தான் அவருக்கு அனுமதி. மிஸ்திரி மறுபடி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "ஸச் போலோ, தாதா" என்றார். உண்மையைச் சொல்லு. வங்காளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தஸ்" என்றார். பத்துப் பேர்.

"போலீஸ் கோ பாஞ்ச் போலோ. கமானி கோ தஸ் போலோ" என்றார் மிஸ்திரி. போலீஸிடம் ஐந்து என்று சொல்லிக்கொள், ஸ்பிரிங்கிடம் பத்து என்று சொல்லு. திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. மறுநாள் பத்துப் பேரும் கோழிக் கூடையோடு வந்து ஏறினார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாதா கோயிலுக்கு ஒரு பழைய வேன் இருந்தது. சவம் எடுத்துப்போவதற்கு. அதன் பட்டை மாற்றினபோது நான் என் லாரி விஷயமாக அங்கே போயிருந்தேன். வேனில் நீளமாக ஒரு பலகை, பக்கத்தில் இரண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு. இதற்கு யாரை வைத்துப் பாரம் பார்ப்பார் என்று எனக்கு வேடிக்கை. அவர் ஸ்பானரை என் கையில் கொடுத்தார். நான் எத்தனையோ வேலை பார்த்தவன், ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனாலும் அவர் தன் ஸ்பானரை இன்னொருவர் கையில் கொடுத்து அதற்கு முன்பும் நான் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. வேனுக்குள் ஏறி அந்தப் பலகையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டார். டிரைவரையும் பட்டறை ஆள் ஒருவனையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

டிரைவர் முணுமுணுத்தான். "செத்தவனுக்குத் தூக்கிப் போட்டா என்ன தெரியும், மிஸ்திரி?"

"பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியும்லா" என்றார் படுத்தபடியே. "முறுக்குங்க அண்ணாச்சி. மெதுவா."

நான் முறுக்கி முடித்து வெளியே வந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கண் மூடி, கையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். டிரைவர் என்னைப் பார்த்தான். எனக்கு என்னவோ போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் பொய் சொன்னேன்.

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் குவாரி போர்ட் பிளேரிலிருந்து பதினெட்டு மைல். குவாரிக்குப் பக்கத்திலேயே மரவீடு கட்டிக்கொண்டு நானும் மனைவியும் இருந்தோம். அதற்கு முன்னால் ஊருக்குள் வாடகைக்கு இருந்தபோது அவளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டும் ஐந்தாம் மாதத்துக்கு முன்பே போயிற்று. இரண்டாவது தடவை நான்தான் அவசரப்பட்டேன். சொந்த ஊருக்குக் கடிதம் போட்டேன், குவாரியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். போன பிறகு அவள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "இனிமே யார்கிட்டயும் சொல்லாதீக." அந்த வாடகை வீட்டுக்குத் திரும்பப் போகவும் அவள் ஒப்பவில்லை.

மூன்றாவது தடவை தங்கியபோது ஆஸ்பத்திரி லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை காட்டவேண்டும், ஆனால் தூக்கிப் போடுகிற வண்டியில் ஏற்றக்கூடாது. ஜீப் கூடாது, லாரி கூடாது. என்னிடம் இருந்ததோ இரண்டு லாரியும் ஒரு ஜீப்பும். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். பழைய இங்கிலீஷ் கார், கறுப்பு, பின்பக்கம் ஆமை ஓடுபோல் உருண்டிருக்கும். குவாரிக்காரன் கார் வாங்கிவிட்டான் என்று ஊரே பேசியது. பேசட்டும் என்றுதான் நானும் ஜங்ஷனை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆனால் பின்பக்கம் தொய்ந்துபோய், சின்னப் பள்ளத்துக்கும் அடி இடித்தது.

மிஸ்திரியிடம் விட்டேன். அவர் கையைத் துடைத்தார், பின்பக்கம் போனார், எட்டிப் பார்த்தார்.

"பின்னால யாரு உக்காருவா அண்ணாச்சி?"

பட்டறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் மனைவி என்று சொன்னால், அவளைக் கூட்டிவரச் சொல்வார். கூட்டிவந்தால் ஊர் பார்க்கும். இன்னும் நாலு மாதம்கூட ஆகவில்லை.

"சிமெண்ட்டுய்யா" என்றேன். "நாலு மூட்டை. சைட்டுக்கு அவசரத்துக்கு எடுத்துட்டுப் போக."

என்னைப் பார்த்தார். "தினமுமா?"

"தினமும்தான்."

சரி என்று தலையாட்டினார். நான்கு நாளில் பட்டைகளைக் கழற்றி, நிமிர்ந்துபோனவற்றைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டினார். நாலு மூட்டை தினமும் தாங்கவேண்டுமே. கடைசி முறுக்குக்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற நான் நாலு மூட்டை சிமெண்ட்டைக் கொண்டுவந்து பின்பக்கம் ஏற்றவேண்டியதாயிற்று. முறுக்கினார். வண்டியின் பின்பக்கம் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். இரும்பு கூட இருந்தால் பலம் கூட என்று நினைக்கிறவன் நான். கட்டடத்தில் அது சரி. ஆள் உட்காருகிற வண்டியில் சரியில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாரத்துக்குக் கட்டிய பட்டை, பாரம் இல்லாவிட்டால் வளையாது. ஐம்பது கிலோகூட இல்லாத ஒருத்தி பின்சீட்டில். முதல் மைலிலேயே ஒவ்வொரு கல்லும் சம்மட்டி அடிபோல் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துத் தன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐந்தாவது மைலில் நிறுத்தச் சொன்னாள்.

"வயிறு இழுத்துப் பிடிக்குது. நான் நடக்குறேன்."

வீட்டுப் பக்கமாகத் திரும்பி அவள் முன்னால் நடக்க, நான் முதல் கியரில் காரைப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து மைல். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நான் அருகே போனால் கையைக் காட்டி நிறுத்தினாள். குவாரிப் பக்கத்து டிஸ்பென்சரி நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் அசையாமல் படுக்கவேண்டும், வாரம் முடிந்ததும் டாக்டரிடம் கண்டிப்பாகப் போகவேண்டும் என்றார். போவதற்கு இருந்தது அந்தக் கார்தான்.

மறுநாள் காலை நான் பட்டறைக்குப் போனேன். போன வேகத்தில் காரின் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"என்னய்யா வேலை பாத்திருக்க நீ? இதுக்குப் பேரு ஸ்பிரிங்கா? ஏ க்யா காம் ஹை?"

இந்தியிலும் கத்தினேன். அங்கே நின்ற எல்லோருக்கும் புரியவேண்டும் என்றுதான் கத்தினேன். மிஸ்திரி வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தார்.

"எத்தனை மூட்டை ஏத்துனிய?"

"மூட்டையா? என் பொண்டாட்டி இருந்தாய்யா உள்ள. புள்ளைத்தாச்சி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு மைல் நடந்தே வந்தா. மேரி பீவி. பேட் ஸே ஹை."

யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்ன விஷயத்தை நானே எட்டுப் பேர் நடுவில், இரண்டு பாஷையில் கத்திச் சொன்னேன். நீங்கள் சிமெண்ட் என்றுதானே சொன்னீர்கள் என்று மிஸ்திரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

"எத்தனாவது மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு."

"வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க. நான் அங்க வாரேன்."

மறுநாள் காலி லாரியில் குவாரிக்கு வந்து இறங்கினார். ஒரு கருவிப்பெட்டி, இரண்டு மரக்கட்டை, ஒரு சாக்கு. வீட்டு முன்னால் தரையில் சாக்கை விரித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி மரக்கட்டையில் நிறுத்தினார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து நட்டுகளைத் திறந்தார். இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் பிரித்து, சாக்பீஸால் எண் போட்டு, சாக்கின்மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பட்டையிலும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து வெயிலில் காட்டினார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து சாக்பீஸில் கோடாகத் தெரியுமாம். ஒரு பட்டையிலும் கோடு இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தார்.

பட்டைக்கு நடுவில் தடவ கிராஃபைட் வேண்டும், கப்பல் வர இன்னும் பத்து நாள். என்னிடம் தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளைக் கேட்டார். குவாரியில் அதற்கா பஞ்சம், ஒரு டின் நிறையக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உடைத்து உள்ளேயிருந்த கரிக்குச்சியை எடுத்து அம்மியில் பொடி செய்து கிரீஸில் குழைத்தார். அந்த அம்மியை என் மனைவி பிறகு நான்கு நாள் தேய்த்துக் கழுவினாள். புஷ்ஷுக்கு லாரி டயரை அறுத்தார். அவர் சேர்த்திருந்த இரண்டு கூடுதல் பட்டைகளையும் எடுத்துத் தனியே வைத்தார். இரண்டு நாள் ஆயிற்று. சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். என் மனைவி உள்ளே கட்டிலில் படுத்தபடி சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாரம் முடிந்த அன்று காலை மறுபடி வந்து, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"தாயிய வரச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்களும் உங்க சீட்டுல இருங்க."

அவள் வந்தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சௌகரியம் என்று அவளிடமே கேட்டார். இடது பக்கம் என்றாள். உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள். மிஸ்திரி அடியில் போகவில்லை. எடுத்துவைத்திருந்த அந்த இரண்டு கூடுதல் பட்டைகளையும் துடைத்து, துவைத்த துண்டு ஒன்றில் சுற்றி, சன்னல் வழியாக நீட்டினார்.

"இதை மடியில வச்சுக்கிடணும் தாயி. ரெண்டும் சேந்து மூணு கிலோ வரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. பிறக்கிற பிள்ளையின் எடை அது.

"வேணாம் மிஸ்திரி. அதெல்லாம் எண்ணாதீங்க. ரெண்டு தடவை எண்ணி ரெண்டும் போச்சு. இவ ஒருத்தி மட்டும் உக்காரட்டும், முறுக்குங்க."

"போகையில ஒரு ஆளு அண்ணாச்சி" என்றார். "வரையில ரெண்டு ஆளு. நான் வாரதுக்குத்தான் முறுக்குவேன்."

"சொன்னாக் கேளுங்கய்யா."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. இருநூறு பேரை வேலை வாங்குகிறவன், வெடி வைத்தால் பத்தடியில் நிற்கிறவன். அவள் குரல் பின்னாலிருந்து வந்தது.

"குடுங்கண்ணே. இரும்புதானே, காத்துக்கருப்பு அண்டாது. நல்லதுதான்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மிஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டு அடியில் போனார். ஸ்பானர் நட்டில் கவ்வுகிற சத்தம், திருப்புகிற சத்தம், எடுத்து மறுபடி வைக்கிற சத்தம். நாலு முனையிலும். அவ்வளவு நேரமும் அவள் அசையவில்லை, நானும் அசையவில்லை. வெளியே வந்து, துண்டில் சுற்றிய பட்டைகளை அவளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப போங்க" என்றார்.

பதினெட்டு மைல் இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். பன்னிரண்டாவது மைலில் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பத்துத் தடவைக்குமேல் அந்தச் சாலையில் போய்வந்தோம். பெண் பிறந்தாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு அதே இடது பக்கத்தில் உட்கார்ந்துதான் என் மனைவி வீடு திரும்பினாள்.

ஆனால் அந்த மாதங்களில் ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நான் பட்டறையில் கத்தியதை எட்டுப் பேர் கேட்டார்களே, அது எண்பது பேராயிற்று. மிஸ்திரி கை வைத்த வண்டியால் குவாரிக்காரர் சம்சாரத்துக்குக் கரு கலையப் பார்த்தது என்றார்கள். அவர் முறுக்கின வண்டியில் பிள்ளைத்தாச்சி ஏறக்கூடாது என்றார்கள். டாக்ஸிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அதிகாரிகளின் வண்டி வருவது நின்றது. இரண்டு வருடம் கழித்து அவர் பட்டறையை மூடிவிட்டுக் தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் கேம்பல் பே பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிமெண்ட் என்று சொன்னது நான்தான் என்று ஜங்ஷனில் நின்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் பேச்சு அடங்கியிருக்கும். சொல்லவில்லை. குவாரி கான்ட்ராக்டர் பிழைப்பதே அவன் சொல்லுகிற அளவை ஊர் நம்புவதால்தான். ஏற்றின பாரத்தைப் பொய் சொன்னான் என்று தெரிந்தால் நாளைக்கு என் லாரி ஜல்லியை எவன் அளக்காமல் வாங்குவான்? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவர் போவதற்கு முன்னால், குழந்தை பிறந்த முப்பதாம் நாள், பெயர் வைத்துப் பெரிய விருந்து கொடுத்தேன். தீவில் நம்மவர் வீட்டில் அதுவரை அப்படி ஒரு விருந்து நடந்ததில்லை. போர்ட் பிளேரிலிருந்து லாரி வைத்து ஆட்களைக் கூட்டிவந்தேன். முதல் பந்தியில் அதிகாரிகளும் கான்ட்ராக்டர்களுமாக நாற்பது பேர், அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். மிஸ்திரிக்கும் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார்.

மர கான்ட்ராக்டர் ஒருவர், எனக்கு ரொம்ப வேண்டியவர், வாய்க்காரர். பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சொன்னார்:

"என்ன மிஸ்திரி, உம்ம ஸ்பிரிங்குக்கே தப்பிச்சு வந்துட்டா பாத்தீரா இந்தப் பொண்ணு. கெட்டிக்காரிதான்."

சிரித்தார்கள். மிஸ்திரியும் இலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

என் மனைவி குழந்தையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஆண்கள் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை அவள்.

"அவுகளைச் சொல்லாதீகண்ணே" என்றாள். "இவுகதான் அவுககிட்ட சிமெண்டு மூட்டைன்னு சொன்னாக. நான்னு சொல்லல."

நாற்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல தாயி" என்றார் மிஸ்திரி. "எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்பதையும் அவரே சொன்னார், இலையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே.

"மூட்டைய ஏத்துறதுக்கு முன்ன அண்ணாச்சி தோள்ல கெடந்த துண்டை எடுத்துச் சீட்டு மேல விரிச்சாவ. சிமெண்டு ஏத்துறவன் சீட்டு அழுக்காவும்னு பாப்பானா? பாத்ததுமே இது மூட்டைக்கு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். வேற ஆளா இருந்தா கேட்டிருப்பேன். பெரிய மனுசன்னு கேக்காம முறுக்கிட்டேன். அதனால அது என் தப்புதான். அவிய திட்டுனதுல தப்பு ஒண்ணும் இல்ல."

துண்டை விரித்தது எனக்கே நினைவில்லை. ஆனால் அவர் சொன்னால் விரித்திருப்பேன்.

எழுந்து நின்று, ஆமாம் பொய் சொன்னவன் நான்தான் என்று சொல்லவேண்டிய இடம் அது. அதற்குமேல் ஒரு நல்ல இடம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். பரிமாறுகிறவன் சோற்று வாளியோடு வந்து வழக்கம்போல் முதலில் என் இலைக்கு முன்னால் குனிந்தான். நான் கையை நீட்டி இலையை மறைத்தேன்.

"அங்கேருந்து வை" என்றேன், கடைசி இலையைக் காட்டி.

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிவரை நடந்தான். மிஸ்திரியின் இலையில் சோறு விழுகிறவரை நாங்கள் நாற்பது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.